காவடிக்குப் பின்னால் நடப்பவர்

ஆளைப் பிரித்துப் பார்க்கும் வழியைச் சொல்லிக்கொடுத்தவன் சுகுமாறன்தான்.

பங்குனி உத்திரத்துக்கு முந்தைய வாரம் பெட்டாலிங் ஜெயா அலுவலகத்தில் கூட்டம் நடந்தது. வெளிநாட்டினர் சரிபார்ப்புப் பிரிவின் அதிகாரிகள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். கறுப்பு டீசட்டை போட்ட தொண்டர்கள் மறுபக்கம். சட்டையின் நெஞ்சில் ஒரு மதில்சுவர்ப் படம், அதன் கீழே ‘பெந்தெங்’ என்று எழுத்து. மலாயில் கோட்டை என்று பொருள். வெளியாட்கள் நாட்டைத் தின்கிறார்கள் என்று பேசிப் பேசியே வளர்ந்த இயக்கம். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் அதில் இருந்தார்கள். வெறுப்புக்கு மட்டும் இந்த நாட்டில் இட ஒதுக்கீடு கிடையாது.

இப்போது அமைச்சருக்கு ஆலோசனை சொல்கிற மேசையிலும் அவர்களுடைய ஆட்கள் இருந்தார்கள். அந்த மேசையிலிருந்து புதிய உத்தரவு வந்திருந்தது. கையில் ஐசி என்கிற அடையாள அட்டை இல்லாதவன், தான் உள்ளூர்க்காரன் என்று நிரூபிக்கும்வரை வெளிநாட்டுக்காரன். சோதனைக்குப் பெந்தெங் தொண்டர்களைக் கூட்டிப் போகலாம். அவர்கள் கையில் தடி இருக்கலாம்.

முன்பு பிரிவின் தலைவராக இருந்த துவான் ரஸ்லி, மசூதியோ கோயிலோ சர்ச்சோ, கும்பிடுகிற இடத்தில் சோதனை கூடாது என்று வைத்திருந்தார். “அங்க அவன் எனக்குப் பயப்படக்கூடாது. பயப்பட வேண்டியது வேற ஆளுக்கு” என்பார். அவரைக் கடல் தாண்டிச் சபா மாநிலத்துக்குத் தூக்கியடித்துவிட்டார்கள். அவர் நாற்காலியில் இப்போது ஹைக்கல் இருந்தான். இளவயது, சுத்தமான நகங்கள், கணினியின் முதுகில் மதில்சுவர் ஒட்டுப்படம்.

“மேருவில் அந்த முருகன் கோயில். ஆயிரக்கணக்கில் வருவார்கள்” என்றான் ஹைக்கல் மலாயில். “ஆனால் எவன் உள்ளூர், எவன் வெளிநாடு?”

“எல்லாம் ஒரே மூஞ்சி பாஸ்” என்று பின்வரிசையில் ஒரு தொண்டன் சொன்னான். சிரிப்பு எழுந்தது. தமிழ்த் தொண்டர்களும் சிரித்தார்கள்.

அதிகாரிகள் பக்கம் உட்கார்ந்திருந்த சுகுமாறன் சிரிக்கவில்லை. கையைத் தூக்கினான்.

“காவடி எடுக்கிறவன், பால்குடம் எடுக்கிறவன், எல்லாரும் வேட்டியில இருப்பாங்க. ஐசி வைக்கப் பாக்கெட் இல்ல. அதனால ஒவ்வொருத்தன் பின்னாலயும் வீட்டு ஆள் ஒன்னு வரும். அம்மா, பொண்டாட்டி, தங்கச்சி, யாராச்சும். கையில முக்காலி, தண்ணி, ஒரு பை. ஐசி அந்தப் பையில இருக்கும். ஊர்க்காரனுக்கு இங்க வீடு கிடையாது. அவன் பின்னால ஆள் வராது.”

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களை இங்கே ஊர்க்காரன் என்றுதான் சொல்வார்கள். அதே வார்த்தையை அன்பாகவும் சொல்லலாம்.

ஹைக்கல் மெதுவாகக் கை தட்டினான். திருமுருகன் எழுந்து வந்து சுகுமாறனின் தோளைப் பிடித்து அழுத்தினான். கிள்ளான் வட்டாரப் பெந்தெங்கின் தலைவன் அவன். “பாத்தீங்களா? நம்மாளு மூளை!” என்றான்.

திருமுருகனைச் சுகுமாறன் முதன்முதலில் பார்த்தது மாதவியின் சாவு வீட்டில்.

மாதவி சுகுமாறனின் மனைவி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்த்தாள். போன வருடம் மேரு சாலை முச்சந்தியில் ஒரு மணல் லோரி அவள் ஸ்கூட்டரை இழுத்துக்கொண்டு போனது. ஓட்டுநர் இறங்கி ஓடிவிட்டான். லோரியின் பதிவு எண் போலி. போலீஸ் தேடியது, பிறகு தேடுவதாகச் சொன்னது, பிறகு சொல்வதையும் நிறுத்தியது.

மாலையோடு வந்த திருமுருகன், சவப்பெட்டியைக் கும்பிட்டுவிட்டு சுகுமாறனின் காதருகே குனிந்தான்.

“ஓட்டுனவன் வெளிநாட்டுக்காரன் பிரதர்.”

“யார் பாத்தா?”

“பாக்கணுமா? அடிச்சுட்டு ஓடிட்டான்ல. நம்மாளு ஓட மாட்டான்லா.”

மறுநாள் பெந்தெங்கின் இணையப் பக்கத்தில் மாதவியின் கல்யாணப் படம் வந்தது. கீழே சிவப்பு எழுத்தில் ‘இன்னும் எத்தனை பேர்?’ இலட்சம் பேர் பகிர்ந்தார்கள். சுகுமாறனுக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு தாடை இருக்குமே, அப்படி உடம்பு முழுக்க இருந்தது. யாராவது ஒரு திசையைக் காட்டினால் நடக்கலாம் போலிருந்தது. திருமுருகன் காட்டினான். நடந்தான்.

கூட்டம் முடிந்த மறுநாள் யுகேந்திரன் வீட்டுக்கு வந்தான். மாதவியின் தம்பி. அப்பா அம்மா இல்லாத வீட்டில் அக்காவும் தம்பியுமாக வளர்ந்தவர்கள். மோட்டார் பட்டறையில் வேலை, வாய் ஓயாத பேச்சு. காவடி நாளில் மட்டும் அலகு குத்திக்கொள்வதால் வாய் மூடியிருக்கும். “ஊருக்கே இன்னிக்கு லீவு” என்று மாதவி கிண்டல் செய்வாள். ஒவ்வொரு வருடமும் முக்காலியும் பையுமாக அவன் பின்னால் நடந்தவள் அவள்தான்.

“மாமா, இந்த வருசம் அக்காவுக்காக எடுக்கிறேன். அவ சேலை ஒன்னு குடுங்க. காவடியில கட்டணும்.”

சுகுமாறன் அலமாரியைத் திறந்துவிட்டான். யுகேந்திரன் கத்தரிப்பூ நிறத்தில் பச்சைக் கரை போட்ட பட்டை எடுத்தான். மூக்கருகே கொண்டுபோய்விட்டு, வெட்கப்பட்டவன்போல மடித்துக்கொண்டான்.

“நீங்க பின்னால வாங்க மாமா.”

“எனக்கு டூட்டி.”

“லீவு போட முடியாதா?”

“முடியாது. நீயும் போகாத. இந்த வருசம் வேணாம்.”

“ஏன்?”

சோதனையைப் பற்றி வெளியே சொல்லக்கூடாது. “சொன்னா கேளுடா” என்று மட்டும் சொன்னான்.

யுகேந்திரன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். “நீங்க வரலன்னா நான் யாரை வச்சு எடுக்கிறது? சரி, போகல விடுங்க.” சேலையை மட்டும் கொண்டுபோனான்.

சுகுமாறன் அதை நம்பினான். நம்புவது சுலபமாக இருந்தது.

உத்திரத்தன்று வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. கிடங்குகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடுவே இருந்தது கோயில். பக்கத்துத் திடலில் காவடி கட்டினார்கள். உறுமி முழங்கியது. பிடித்தவர்களை ஏற்றும் லோரிகளைக் கிடங்குச் சுவருக்குப் பின்னால் மறைத்து நிறுத்தியிருந்தார்கள். கம்பி வைத்த சின்ன ஜன்னல், இரும்புக் கதவு.

சுகுமாறனை வேட்டியில் வரச் சொல்லியிருந்தார்கள். மேலே சட்டை இல்லை, நெஞ்சு நிறைய திருநீறு, தோளில் மஞ்சள் துண்டு. அதற்குள் கைப்பேசி. சீருடையும் அவனுடைய ஐசியும் ஹைக்கலின் காரில் இருந்தன. கூட்டத்தில் கலந்து நின்று, பின்னால் ஆள் இல்லாதவனைக் கண்ணால் காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதலில் காட்டியது பால்குடம் எடுத்த ஒருவனை. மெலிந்த ஆள், புதுவேட்டி, தனியாக வந்தான். இரண்டு தொண்டர்கள் குறுக்கே நின்றார்கள்.

“ஐசி மானா?” ஐசி எங்கே என்று மலாயில் கேட்டார்கள்.

“பெர்மிட் இருக்கு சார். பேரு அழகிரி. பிரிக்பீல்ட்ஸ்ல முடிவெட்டுற கடை. பாஸ்போர்ட்டு மொதலாளிகிட்ட இருக்கு சார், போன் போட்டுத் தரேன்…”

தடி முழங்கையில் விழுந்தது. காய்ந்த மட்டை ஒடிவதுபோல ஒரு சத்தம். குடம் உருண்டது. பால் புழுதியில் ஓடியது. அழகிரி மண்டியிட்டான். ஒடிந்த கையை மடியில் போட்டுக்கொண்டு, நல்ல கையால் அந்தப் பாலைப் புழுதியோடு ஓரமாக ஒதுக்கினான். யாரும் மிதித்துவிடக் கூடாதாம். இன்னொரு அடி அவன் முதுகில் விழுந்தது. முடியைப் பிடித்து இழுத்துப்போனார்கள்.

சுகுமாறன் பார்த்தான். உள்ளே எதுவும் அசையவில்லை. அடுத்த ஆளைக் காட்டினான். அதற்கடுத்த ஆளையும் காட்டினான். ஒருவன் ஓட, கிடங்கு வேலியில் வைத்து நாலு பேர் மிதித்தார்கள். இன்னொருவன் பற்களைத் துப்பிவிட்டு “முருகா” என்றான், அதற்காகவும் அடி வாங்கினான். உறுமிச் சத்தத்தில் பாதி அலறல் கேட்கவே இல்லை.

கேட்டவர்கள் கூச்சலிட்டார்கள். பையும் முக்காலியுமாக மகள் பின்னால் வந்த ஒரு ஆன்டி, சுகுமாறனின் கண் போகிற திசையைக் கவனித்துவிட்டாள். நேரே வந்து நின்றாள்.

“ஏண்டா, நெத்தியில துன்னூறு பூசிக்கிட்டா இந்த வேல பாக்குற?”

“போங்க ஆன்டி.”

“உங்கப்பன் பாட்டன் எந்தக் கப்பல்லடா வந்தான்? கப்பல்ல வரும்போதே ஐசியோட வந்தானா?” அவன் காலடியில் துப்பிவிட்டுப் போனாள்.

துண்டுக்குள் கைப்பேசி அதிர்ந்தது. திடலின் மறுகோடியில் நின்ற ஒரு தொண்டன்.

“அண்ணே, ஒருத்தன் காவடியோட வரான். வாயில வேலு. ஐசி கேட்டா ஊமையாட்டம் நிக்கிறான்லா.”

“பின்னால?”

“காக்கா கூட இல்ல.”

“அப்ப ஏத்து.”

“கையை கையை ஆட்டுறான் அண்ணே. அந்தப் பக்கம் என்னமோ காட்டுறான்.”

“எல்லாரும்தான் காட்டுவாங்க. ஏத்துன்னா ஏத்து.”

“இந்த வேலு?”

“கூரா எதுவும் லோரியில ஏறக்கூடாது. ரூல் தெரியும்ல?”

“நாங்களே உருவிடவா?”

கோயில் வாசலில் பூசாரி திருநீறு வைத்து அழுத்தி, மெதுவாக எடுக்க வேண்டிய அலகு அது. சுகுமாறனுக்கு அது தெரியும். “சீக்கிரம்” என்று சொல்லிவிட்டு வைத்தான்.

வைப்பதற்குள் ஒரு சத்தம் காதில் விழுந்தது. மனிதச் சத்தம் என்று சொல்ல முடியாது. உலைத் தண்ணீர் பொங்குவதுபோல.

ஏன் என்று தெரியாமல் அந்தப் பக்கம் நடந்தான். கூட்டம் சிதறி ஓடிக்கொண்டிருந்தது. திடலின் ஓரத்தில் ஒரு காவடி கவிழ்ந்து கிடந்தது. மயிலிறகுகளின் மேல் பூட்ஸ் தடங்கள். பக்கத்தில் வெள்ளி வேல், அதன் முனையில் சதை ஒட்டியிருந்தது. வேலிலிருந்து கிடங்குச் சுவர்வரைக்கும் புழுதியில் ரத்தக் கோடு.

காவடியைச் சுற்றிக் கட்டியிருந்த துணி கத்தரிப்பூ நிறம். பச்சைக் கரை.

அவன் ஓடினான். ஒரு வருடமாக மரத்துக் கிடந்தது எல்லாம் அந்த ஓட்டத்தில் ஒரே அடியாகத் திரும்பி வந்தது. வலித்தது.

முதல் லோரிக்குள்ளிருந்து கதவை இடிக்கிற சத்தம். “ஒருத்தன் சாகப்போறான்! தொறங்கடா!” என்று உள்ளே யாரோ கத்தினார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்து எம்பிப் பார்த்தான். யுகேந்திரன் தரையில் கிடந்தான். வாய் இருந்த இடம் சிவப்பாகத் தொங்கியது. அழகிரி ஒடிந்த கையோடு உட்கார்ந்து, நல்ல கையால் அவன் தலையைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்திருந்தான். மூச்சோடு ரத்தம் குமிழ் குமிழாக வெளியே வந்தது.

கதவருகே ஹைக்கல் நின்றான். இடுப்பில் சாவி வளையம். பக்கத்தில் திருமுருகன்.

“துவான், கதவைத் திறங்க. உள்ள என் மச்சான். இங்க பிறந்தவன்.”

“ஐசி?” என்றான் ஹைக்கல்.

“அவன் மோட்டார்சைக்கிள் பெட்டியில இருக்கும். அந்தப் பக்கம்தான் நிக்கும். அதைத்தான் கையால காட்டியிருக்கான்.”

“எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள் சுகு. தடுப்பு முகாமில் வந்து காட்டட்டும்.”

“முகாம் டெங்கில் ஊர்ப் பக்கம் துவான், ரொம்ப தூரம். அதுவரைக்கும் தாங்க மாட்டான். நாக்கு கிழிஞ்சிருக்கு. ரத்தம் தொண்டைக்குள்ள போகுது.”

“இப்போது கதவைத் திறந்தால் எல்லாரும் ஓடுவார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.”

திருமுருகன் அவன் தோளைப் பிடித்து அழுத்தினான். சாவு வீட்டில் பிடித்த அதே பிடி. “பிரதர், உணர்ச்சிவசப்படாத. நீ சொன்ன ரூல்தானே? பின்னால யாரு வந்தா?”

சுவரோரம் யாரோ போட்டுவிட்டு ஓடிய முக்காலி கிடந்தது. தேக்கு, நல்ல கனம். சுகுமாறன் அதை எடுத்துத் திருமுருகனின் முகத்தில் வீசினான். மூக்கு உள்ளே போனது. இரண்டாவது வீச்சு ஹைக்கலின் முட்டியில். அவன் விழுந்தான். சாவி வளையத்தைப் பெல்ட்டோடு பிய்த்தான். ஹைக்கல் அவன் மணிக்கட்டைக் கடித்தான். பல் எலும்பைத் தொட்டது. இடது கையால் அந்தச் சுத்தமான முகத்தில் குத்திக்கொண்டே, வலது கையால் சாவியைப் பூட்டில் திணித்தான்.

கதவு திறந்ததும் ஆட்கள் கொட்டினார்கள். அடிபட்டவர்கள், மொட்டையடித்தவர்கள், ஒருத்தன் காவடிச் சலங்கையோடு. எல்லாரும் ஓடினார்கள். கூட்டம் தன் மேலேயே பாய்கிறது என்று நினைத்து, ரத்த மூக்கைப் பொத்திக்கொண்டு திருமுருகனும் ஓடினான். நன்றாகவே ஓடினான்.

அழகிரி மட்டும் ஓடவில்லை.

“விட்டா மூச்சு அடைச்சுக்கும் அண்ணே” என்றான். “தலைய நிமித்தாம தூக்குங்க.”

சுகுமாறன் யுகேந்திரனைத் தோளில் போட்டான். சூடான ரத்தம் முதுகில் வழிந்தது. அழகிரி பின்னால் நடந்தபடி, எட்டிக் கையை நீட்டி யுகேந்திரனின் தாடையைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டான். பத்தடி போவதற்குள் திடலிலிருந்து தொண்டர்கள் ஓடி வந்துவிட்டார்கள். வேட்டி கட்டிய இரண்டு பேர் ஒருவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“நான் ஆபீசர்டா!” என்று சுகுமாறன் கத்தினான்.

“ஐசி மானா, ஆபீசர்?”

தடிகள் விழுந்தன. முன்னால் நடந்தவனின் கழுத்திலும் கையிலும் சில. மீதி எல்லாம் பின்னால் வந்தவன்மேல். முதுகில் விழும் ஒவ்வொரு சத்தமும் சுகுமாறனுக்குக் கேட்டது. தாடையைப் பிடித்த கை மட்டும் விலகவில்லை. “நடங்க அண்ணே, நடங்க அண்ணே” என்று அந்தக் குரல் சொல்லிக்கொண்டே வந்தது. இடையில் ஒருமுறை அது வெறும் முனகலாக மாறி, மறுபடி வார்த்தையானது.

சாலையில் ஒரு வேன் நின்றது. பாசாருக்கு மீன் ஏற்றிப்போகிற மலாய்க்கார அம்மா ஒருத்தி. கேள்வி எதுவும் கேட்கவில்லை, பின்கதவைத் திறந்து ஐஸ் பெட்டிகளைத் தள்ளினாள். யுகேந்திரனை உள்ளே கிடத்திவிட்டுச் சுகுமாறன் திரும்பி அழகிரிக்குக் கை நீட்டினான்.

அந்தக் கையில் எதுவும் வந்து சேரவில்லை. அழகிரியின் கால்களைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். தரையில் குப்புறக் கிடந்தபடியே அவன் தலையைத் தூக்கினான்.

“சாய்ச்சே புடிங்க அண்ணே!”

இறங்கினால் யுகேந்திரனின் தலையைப் பிடிக்க ஆள் இல்லை. சுகுமாறன் இறங்கவில்லை. வேன் கிளம்பியது. அழகிரியைச் சுற்றிக் கறுப்புச் சட்டைகள் கூடுவதைத் திறந்த கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே போனான், சாலை வளையும்வரை.

யுகேந்திரன் பிழைத்துக்கொண்டான். பாதி நாக்கை வெட்டியெடுத்தார்கள். இனி அவன் பேசுவது பேச்சுபோல இருக்காது என்றார் மருத்துவர். கண் விழித்தபோது சுகுமாறன் கட்டிலருகே இருந்தான். எல்லாவற்றையும் சொன்னான். பின்னால் ஆள் வருகிற கதையைச் சொன்னது யார், கைப்பேசியில் ‘சீக்கிரம்’ என்றது யார், எல்லாம். யுகேந்திரன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதன்பிறகு சுகுமாறன் இருக்கிறபோது திரும்பவே இல்லை.

சுகுமாறனை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதிகாரியைத் தாக்கிய வழக்கு நடக்கிறது. பெந்தெங்கின் பக்கத்தில் இப்போது அவன் படம் இருக்கிறது, அதே சிவப்பு எழுத்தில் ‘துரோகி’ என்று. மாதவியின் படத்தை அவர்கள் எடுக்கவில்லை. அதற்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள்.

தடியடியில் ஒடிந்து மாவுக்கட்டுப் போட்ட கையோடு சுகுமாறன் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனான். முடிவெட்டும் கடையின் முதலாளி அழகிரியின் பாஸ்போர்ட்டைக் கொடுக்கத் தயங்கினார். சுகுமாறன் நாற்காலியில் உட்கார்ந்து, கொடுக்கிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை. வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். கடைசியில் மேசை இழுப்பறை திறந்தது.

டெங்கில் பக்கத்து முகாமின் வாசலில் செம்பனைத் தோட்டத்து அனல் வீசியது. கேட்டுக்கு வெளியே வரிசையாகப் பெண்கள், கைக்குழந்தைகள். கறுப்புச் சட்டைக்காரன் ஒருவன் பெயர்களைக் கேட்டுக்கொண்டிருந்தான். சுகுமாறன் ஒரு பையும் தண்ணீர்ப் போத்தலும் முக்காலியும் வைத்திருந்தான். கிடங்குச் சுவரோரம் தேடி எடுத்துவந்த அந்த முக்காலியின் ஒரு காலில் ரத்தக் கறை போகவில்லை.

“யாரைப் பார்க்கணும்?”

“அழகிரி. மேரு கோயில்ல பிடிச்ச ஆளு. பெர்மிட் இருக்கு, பாஸ்போர்ட் கொண்டாந்திருக்கேன்.”

தொண்டன் உள்ளே போய்விட்டு வந்தான். “அந்தப் பேர்ல யாரும் இருக்கிற மாதிரி தெரியல. ஆஸ்பத்திரிக்குப் போனவங்க கொஞ்சம் பேர் இருக்காங்க. எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காத, எனக்குத் தெரியாது. நீ யாரு? சொந்தமா?”

“இல்ல.”

“கூட்டாளியா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்குலா வந்த?”

சுகுமாறன் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

“அவன் பின்னால வர்ற ஆளு” என்றான்.

தொண்டனுக்கு விளங்கவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டான். சுகுமாறன் வரிசையைவிட்டு நகர்ந்து, கேட்டுக்கு எதிரே வெயிலில் முக்காலியைப் போட்டான். அதில் உட்காரவில்லை. அது காவடி எடுத்தவன் இளைப்பாறுவதற்கு. பக்கத்தில் நின்றான்.